எஸ்டேட் ஊரில் மின்சாரக் காரும் ஹைபிரிட்டும்: சில ஆண்டு ஓடிய பிறகு தெரியும் கணக்கு

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போகுமுன் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர், பேராங், தஞ்சோங் மாலிம் மாதிரி செம்பனைக்கு நடுவே இருக்கும் ஊர்களில் கார் சரியாகத்தான் ஓடுகிறது. தகராறு செய்வது வீட்டு வயரிங்.

7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். பழைய தரை வீடுகளில் ஒற்றை ஃபேஸ் இணைப்புதான். இரவில் இரண்டு ஏர்கோனும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் மெயின் விழும். பெட்டியிலிருந்து சார்ஜருக்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். கார் நிறுத்தும் இடம் தள்ளி இருந்தால் 10 சதுர மில்லிமீட்டர் கேபிள், 40 ஆம்பியர் பிரேக்கர், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடுவது நல்லது. அந்த ஆர்.சி.சி.பி. எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண 'ஏ.சி.' வகை, காரிலிருந்து நேர்மின் (டி.சி.) கசிவு வந்தால் மரத்துப்போய் விழ வேண்டிய நேரத்தில் விழாது. 6 மில்லியாம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் சார்ஜருடன் 'ஏ' வகை, இல்லாவிட்டால் 'பி' வகை வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனுக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர் என்றால் ஆளை மாற்றுங்கள்.

அடுத்தது எர்த். இங்கே வீட்டுக்கு வீடு மண்ணில் அடித்த எர்த் கம்பிதான் காவல். வெயில் காலத்தில் செம்மண் காய்ந்தால் அதன் தடை ஏறும், சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். கார் கெட்டுவிட்டது என்று இழுவை வண்டியைக் கூப்பிடுவதற்கு முன் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். இன்னொரு கம்பி அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எர்த் சோதனையை ஏமாற்றும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது. அதை வாங்குவது உயிரோடு விளையாடுவது. இடி அதிகம் விழும் வட்டாரம் என்பதால் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) கட்டாயம் இருக்கட்டும்.

சார்ஜர் போட முடியாதவர்கள் மூன்று முள் பிளக்கிலேயே ஏற்றலாம். 10 ஆம்பியரில் 2.3 கிலோவாட், இரவு பத்து மணி நேரத்தில் 120 கிலோமீட்டருக்குத் தேவையானது ஏறும். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் அது தாராளம். ஆனால் இருபது ஆண்டு பழைய சாக்கெட்டில் திருகு தளர்ந்திருக்கும், அங்கேதான் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள். லயத்து வீட்டிலிருந்து கொட்டகை வரை எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பது வேண்டவே வேண்டாம்.

இப்போது காசு. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. அந்த விலையில் 100 கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் பெரோடுவா மைவி காருக்கு 13 வெள்ளி ஆகிறது. பெட்ரோல் என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டான, நாலேகால் லிட்டர் குடிக்கும் ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி.க்கு எட்டரை. புரோட்டோன் இ.மாஸ் 7, பி.ஒய்.டி. ஆட்டோ 3 அளவுள்ள காருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 17 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலைக் கட்டணப்படி யூனிட் 44.43 சென், ஆக ஏழரை வெள்ளி.

விற்பவர் இதோடு நிறுத்திக்கொள்வார். பில் நிற்காது. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குத் தரும் சிக்கனச் சலுகை, யூனிட் ஏற ஏறத் தேய்கிறது. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி 'ரீட்டெயில்' கட்டணம் வேறு ஒட்டிக்கொள்ளும். மாதம் 350 யூனிட் எரியும் வீட்டில் 1,500 கிலோமீட்டர் ஓடும் கார் சேர்ந்தால் சரியாக அந்த 600-ஐத் தாண்டுகிறது. அதனால் காருக்கென்று கூடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 55 முதல் 60 சென் என்று கணக்குப் போடுவதுதான் நியாயம். அப்போது 100 கிலோமீட்டருக்குப் பத்து வெள்ளி. மைவியை விடக் குறைவு, ஹைபிரிட்டை விடக் கூடுதல்! நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் இரவு 10 முதல் மறுநாள் பகல் 2 வரையும் வார இறுதி முழுவதும் யூனிட்டுக்கு இரண்டரை சென் போலக் குறையும். பெரிய லாபம் இல்லை, விடவும் வேண்டாம்.

நெடுஞ்சாலை வேகச் சார்ஜரை நம்பி வாங்குபவருக்குக் கணக்கு தலைகீழ். 110 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கார்கள் 18, 19 யூனிட் கேட்கும். யூனிட் 1.40 வெள்ளி என்றால் 100 கிலோமீட்டருக்கு 25 வெள்ளிக்கு மேல், மைவியின் செலவைப் போல இரண்டு மடங்கு. 60.22 கிலோவாட் மணி பேட்டரி உள்ள இ.மாஸ் 7-க்கு 410 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் 320-ஐ ஒட்டித்தான் எதிர்பார்க்கலாம். சிலிம் ரிவரிலிருந்து கோலாலம்பூர் போய்வர 200 கிலோமீட்டர். வீட்டில் நிரப்பிப் போனால் வழியில் நிற்கவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின நாள் ஓய்வுத்தலத்தில் வரிசை பிடிக்கும் கொடுமையும் மிச்சம்.

இ.மாஸ் 7-இல் இருக்கும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியை வாரம் ஒருமுறை 100 விழுக்காடு வரை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் கணக்குத் தவறி, 15 காட்டிக்கொண்டிருப்பது திடீரென்று 5-க்கு இறங்கும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரிக்கு இது பொருந்தாது. அதை அன்றாடம் 80-இல் நிறுத்துவது நல்லது.

தோட்டத்துக்கென்றே சில எதிரிகள் உண்டு. முதல் எதிரி எலி. செம்பனைப் பழம் தின்று கொழுத்த எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் ஆந்தைக் கூடு வைக்கிறார்கள்; ஆந்தை கார் பானெட்டுக்குள் வராது. வாரம் ஒருமுறை திறந்து புழுக்கை, கடித்த கொட்டை கிடக்கிறதா பாருங்கள். ஆரஞ்சு நிறக் கேபிளில் பல் பட்டிருந்தால் டேப் சுற்றாதீர்கள், தொடவே வேண்டாம். அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம். அடுத்தது மட்டை முள். மெல்லிய ஓட்டை, காற்று மெதுவாக இறங்கும், காலையில்தான் தெரியும். பல மின்சாரக் கார்களில் ஸ்பேர் டயர் இல்லை, பசை புட்டியும் சின்ன பம்பும்தான். பக்கச்சுவரில் குத்தினால் பசை உதவாது, அதனால் இழுவை வண்டி எண் கைப்பேசியில் இருக்கட்டும். லோரித் தடம் பதிந்த செம்மண் பாதையில் நடு மேடு பேட்டரியின் அடித்தட்டை உரசும். சக்கரத்தை மேட்டின் மீது ஏற்றி ஓட்டுங்கள்.

பிரேக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் தேயாது, ஆனால் ஈரக்காற்றில் டிஸ்க் துருப்பிடித்து காலிப்பர் முள் இறுகும். வாரம் ஒருமுறை பின்னால் வண்டி இல்லாதபோது அழுத்திப் பிடியுங்கள். சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கதவுகூடச் சரியாகத் திறக்காது. நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள்.

ஹைபிரிட்டின் பலவீனம் பின் சீட்டருகே இருக்கும் காற்றுத் துளை. பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது. செம்மண் தூசியும் பூனை முடியும் அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள், துணி மூட்டையை வைத்துத் துளையை மூடாதீர்கள். என்ஜின் பாதி நேரம் தூங்கினாலும் எண்ணெயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். குட்டி ஓட்டத்தில் என்ஜின் சூடாகாமல் எண்ணெயில் நீர் சேரும்.

2012-இல் வந்த டொயோட்டா பிரியஸ் சி மாதிரி பழைய ஹைபிரிட் காடி மலிவாகக் கிடைக்கிறதென்றால், வாங்குமுன் ஸ்கேனர் மாட்டி, ஏற்றத்தில் அழுத்தி ஓட்டி, பேட்டரி பிளாக்குகளின் வோல்ட்டேஜைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 0.3 வோல்ட்டுக்கு மேல் விலகினால் பேட்டரி போகும் வழியில் இருக்கிறது. "கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றினேன் பாஸ்" என்று சொன்னால் விலையில் ஒரு முழு பேட்டரியைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். பழையதோடு புதிதைக் கலந்தால் சில மாதத்தில் அடுத்த மாட்யூல் விழும்.