அடிபட்ட கண்ணா, அழற்சிக் கண்ணா: பிள்ளைக்கு எந்த லென்ஸ்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனை முள் குத்தியோ லாஸ்டிக் (கவண்) கல் பட்டோ பிள்ளைக்குக் கண்புரை வருவதுண்டு. புரையை எடுத்தபின் என்ன வைப்பது? கண்ணுக்குள் நிரந்தரமாக வைக்கும் உள்லென்ஸா, காண்டாக்ட் லென்ஸா, தடிக் கண்ணாடியா?

கண்ணாடி இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிள்ளைக்குச் சரி. ஒரு கண் மட்டும் என்றால் அதில் உருவம் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாகத் தெரியும். மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது.

காண்டாக்ட் லென்ஸில் நல்லது உண்டு. கண் வளர வளரப் பவரை மாற்றலாம். கருவிழியில் தழும்பு இருந்தால், கெட்டி வகை லென்ஸ் அந்தக் கோணலையும் சமன் செய்யும். ஆனால் விடியுமுன் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் வீட்டில் அதை யார் மாட்டிவிடுவது? அவசரத்தில் குழாய்த் தண்ணீரில் அலசினால் அகந்தமீபா கிருமி கருவிழியையே அரித்துவிடும்.

அமெரிக்காவில் பிறவிப் புரையுள்ள 114 கைக்குழந்தைகளை வைத்து உள்லென்ஸையும் காண்டாக்ட் லென்ஸையும் ஒப்பிட்டார்கள். நாலரை வயதில் பார்வை இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உள்லென்ஸ் வைத்தவர்களுக்குத்தான் மறு அறுவை அதிகம். அதைக் காட்டி ஆறு வயதில் முள் குத்தியவனுக்கு உள்லென்ஸ் வேண்டாம் என்பது பொருந்தாது. காயம் ஆறி, கண் அமைதியாகி, லென்ஸ் தாங்கும் உறையும் மிஞ்சியிருந்தால் அவனுக்கு உள்லென்ஸே மேல் என்பது என் உறுதியான எண்ணம். கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். அந்த உறையின் பின்பக்கம் மறுபடி மங்குவதும் பிள்ளைகளிடம் சாதாரணம். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

அழற்சிக் கண் வேறு கதை. மூட்டழற்சி உள்ள பிள்ளைக்குக் கண் சிவக்காமல், வலிக்காமல் உள்ளே வெந்துகொண்டிருக்கும். புரைக்கு அழற்சியும் காரணம், அதை அடக்க ஊற்றும் ஸ்டீராய்டு சொட்டும் காரணம். அந்தச் சொட்டு கண் அழுத்தத்தையும் ஏற்றும். பக்கத்து வீட்டு மிச்ச மருந்தை ஊற்றவே கூடாது. இங்கே அவசரப்பட்டு உள்லென்ஸ் வைத்தால் அதன்மேல் சவ்வு படரலாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற, அழற்சியை அடக்கும் மருந்தால் குறைந்தது மூன்று மாதம் கண் அடங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அதன் பிறகும் உள்லென்ஸ் வைப்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காண்டாக்ட் லென்ஸின் சிரமத்தைத் தாங்குவது இந்தப் பிள்ளைக்குத்தான் தகும்.

முள் குத்தியபின் கண்ணின் இயற்கை லென்ஸ் உடைந்து கசிந்தால் கண்ணே கொதித்து, அழுத்தம் ஏறும். சில பிள்ளைகளுக்கு அந்த லென்ஸ் தானாகக் கரைந்து, வெள்ளைச் சவ்வு மட்டும் மிஞ்சும். வலி போனதும் ஆறிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். இதற்குள் மூளை அந்தக் கண்ணைக் கைவிடத் தொடங்கியிருக்கும். ஏழெட்டு வயதுக்குமுன் இந்த ஆபத்து கடுமை. கண்ணில் தாய்ப்பால் ஊற்றாமல், கண்ணைக் கசக்காமல், அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எந்த லென்ஸ் வைத்தாலும், சோம்பேறிக் கண் ஆகாமலிருக்க நல்ல கண்ணை மூடிப் பழக்க வேண்டியிருக்கும். வியர்வையில் ஸ்டிக்கர் கழன்றுவரும், பிள்ளை ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்ப்பான். டாக்டர் சொன்ன நேரம் முழுக்க அது ஒட்டியிருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும். பாட்டியானாலும் சரி, அக்காளானாலும் சரி.