பைத்தான் 3.14: வேகத்துக்காக வேண்டாம், மற்றதுக்காக மாறலாம்

2025 அக்டோபர் 7 அன்று வெளியான பைத்தான் நிரல்மொழியின் 3.14 பதிப்பு பற்றி எங்கே பார்த்தாலும் வேகம், வேகம் என்றுதான் பேச்சு. எனக்கென்னவோ இதில் உருப்படியான வேலை நடந்திருப்பது வேறு இடத்தில், மொழியின் நடத்தையில் வருடக்கணக்காகக் கிடந்த குழப்பங்களைச் சரிசெய்ததில்.

முதலில் வேகத்தையே பார்த்துவிடலாம். 2022இல் வந்த 3.11 அதற்கு முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம் கூடியிருந்தது, அது நிஜமான பாய்ச்சல். ஒரே வரியில் திரும்பத் திரும்ப முழு எண்களையே கூட்டுகிறீர்கள் என்று பைத்தானுக்குத் தெரிந்தால் பொதுவான கூட்டல் கட்டளையை ஓடும்போதே முழு எண்ணுக்கான கட்டளையாக மாற்றிக்கொள்ளும், நம் நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். 3.14இல் அப்படி எதுவும் இல்லை. டெயில் கால் இன்டர்பிரெட்டர் (நிரலை இயக்கும் பகுதியின் புது வடிவம்) என்று ஒன்று வந்திருக்கிறது, சோதனைப் பதிப்பின்போது 9 முதல் 15 சதவீதம் வேகம் என்றார்கள் பைத்தானை உருவாக்குபவர்கள். பிறகு தோண்டிப் பார்த்தால், பைத்தானையே இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கிளாங் 19 கம்பைலரில் இருந்த ஒரு கோளாறு பழைய இன்டர்பிரெட்டரை மெதுவாக்கியிருக்கிறது, அதோடு ஒப்பிட்டதால்தான் புதியது அவ்வளவு வேகமாகத் தெரிந்திருக்கிறது! இப்போது அவர்களே சொல்லும் கணக்கு 3 முதல் 5 சதவீதம். மறைக்காமல் திருத்தியதற்குப் பாராட்டு, ஆனால் அதுவும் பைத்தானை அதன் மூலநிரலிலிருந்து பில்டு செய்யும்போது தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும். ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது: வேலையைப் பொறுத்து 10 சதவீதம் மெதுவாகவும் ஆகலாம், 20 சதவீதம் வேகமாகவும் ஆகலாம் என்று ஆவணத்திலேயே போட்டிருக்கிறது.

சரி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரு கிளாஸுக்குள் அதே கிளாஸின் பெயரை டைப் குறிப்பாக (மதிப்பு எந்த வகை என்று சொல்லும் குறிப்பாக) எழுதினால், அந்தப் பெயர் இன்னும் உருவாகவில்லை என்று பைத்தான் அடம்பிடிக்கும், அதனால் மேற்கோள் குறிக்குள் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். 3.7இல் கொடுத்த மாற்றுவழி எல்லாக் குறிப்புகளையும் வெறும் சரமாக (எழுத்துத் தொடராக) ஆக்கிவிட்டது, ஓடும்போது டைப்பைப் படித்து வேலைசெய்யும் நூலகங்கள் திண்டாடின. இப்போது யாராவது கேட்கும்வரை குறிப்பு மதிப்பிடப்படுவதே இல்லை, கேட்டால் சரமாக இல்லாமல் உண்மையான டைப்பாகவே வருகிறது. இது முதலிலேயே இப்படி இருந்திருக்க வேண்டியது.

அடுத்தது ஃபைனலி, பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் பகுதி. அதற்குள் ரிட்டர்ன் எழுதினால் மேலே கிளம்பிய பிழை சத்தமில்லாமல் விழுங்கப்படும், எங்கே போனது என்று தேடித் தேடிச் சலித்தவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். இனி எச்சரிக்கை வரும். ஏன் எச்சரிக்கையோடு நிறுத்தினார்கள், நேராகப் பிழை என்றே சொல்லியிருக்கலாமே என்பது என் குறை.

3.12இலிருந்தோ அதற்கு முன்பிருந்தோ வருபவர்களுக்கு லோக்கல்ஸ் (ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளைத் தொகுத்துத் தருவது) மாற்றமும் சேர்த்துக் கிடைக்கும். முன்பு ஒரு ஃபங்ஷனுக்குள் அதை எத்தனை முறை அழைத்தாலும் ஒரே டிக்ஷனரிதான் வரும், அடுத்த அழைப்பில் அது நமக்குத் தெரியாமல் மாறியும் விடும். 3.13 முதல் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி நகல், டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) மாற்றும் மாறிகளும் ஒழுங்காக நிலைக்கின்றன.

ஜில் (ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்டை, அதாவது ஓட்ட இழையை, மட்டும் பைத்தான் நிரலை ஓட்டவிடும் பூட்டு) இல்லாத பில்டு 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றுவிட்டது. ஒற்றை த்ரெட்டில் 5 முதல் 10 சதவீதம் இழப்பு, பரவாயில்லை. ஆனால் இதற்குத் தயாராகாத ஒரு சி எக்ஸ்டென்ஷனை (சி மொழியில் எழுதிய நூலகத்தை) இம்போர்ட் செய்தால் போதும், ஜில் திரும்ப உயிர்பெற்றுவிடும். எதற்காக அந்தப் பில்டைப் போட்டோமோ அந்தப் பலன் மொத்தமும் போச்சு, அதனால் உங்கள் நூலகப் பட்டியலை முதலில் சரிபாருங்கள்.

வெப் சர்வர், ஸ்கிரிப்ட், டைப் குறிப்புகள் நிறைந்த நிரல் வைத்திருப்பவர்கள் தாராளமாக மாறலாம். இரவெல்லாம் ஓடும் கணக்கீட்டைக் குறைக்கத்தான் பார்க்கிறீர்கள், ஏற்கெனவே 3.11க்கு மேல்தான் இருக்கிறீர்கள் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.