பிரஷர் மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் கையை அளந்து பாருங்கள்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 58 வயது, நாட்டுப்படகில் போகிறவர். "தலை சுத்தலை, மயக்கம் வரலை, எனக்கென்ன பிரஷரு?" என்பார். சித்தப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாடைக் காற்று தொடங்கின நேரம், வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. கரை சேர்க்கவே மூன்று மணி நேரம் ஆனது. அடுத்த வாரமே ராமநாதபுரம் போய் 1,850 ரூபாய்க்கு இந்த மெஷினை வாங்கினேன்.

எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, கண்ணாடி இல்லாமலே அப்பா படிக்கிறார். போட்ட பேட்டரி ஐந்து மாதமாக ஓடுகிறது. குறை, கையில் சுற்றுகிற பட்டையில். கூடவே வந்தது 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. அப்பாவுக்கோ நங்கூரமும் வலையும் இழுத்த கை. முதல் நாள் 172 என்று காட்டியதும் அம்மா அழுதேவிட்டார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் அப்பத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அக்காதான் பார்த்துவிட்டு, "பட்டை சின்னதா இருந்தா கூட்டித்தான் காட்டும், கையை அளந்தியா?" என்றார். தையல் டேப்பில் அளந்தால் 35. விற்றவர் இதைக் கேட்டிருக்க வேண்டும். பெரிய பட்டைக்குத் தனியாக 600 ரூபாய்.

அதில் 154/96. ஆறுதல் பாதி, பயம் பாதி. வீட்டில் பார்க்கும்போது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. கடலிலிருந்து வந்த சூட்டோடு பார்க்கக் கூடாது. ஒரு வாரக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு போனதும் டாக்டர் மாத்திரை தொடங்கினார்.

உப்பு விஷயத்தில்தான் வீட்டில் பெரிய சண்டை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளே என்கிறது உலக சுகாதார நிறுவனம். படகுக்குக் கட்டுகிற பழைய சோற்றுக்குக் கருவாடு இல்லாமல் எப்படி? இப்போது வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி. மற்ற நாளில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோகிறார். நேற்று காலை 132/84.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த சித்தப்பா மகனும் கையை நீட்டினான். வயது 33. 148/94. மூன்று நாள் பார்த்துவிட்டேன், இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவனை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.