டபிள்யூஎம்-டி6சி கெப்பாசிட்டர் கிட்: வாங்கலாம், ஆனா கூடவே வேலையும் இருக்கு

சோனி டபிள்யூஎம்-டி6சி 1984ல வந்த, ரெக்கார்டும் பண்ற வாக்மேன் கேசட் மிஷின். நாலு ஏஏ பேட்டரில ஓடும், டேப் இரைச்சல குறைக்கற டால்பி பி, சி ரெண்டும் இருக்கு, மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற குவார்ட்ஸ் லாக் இருக்கறதால ஸ்பீடு அசையாம நிக்கும், கையில தூக்கிட்டுப் போய் ரெக்கார்ட் பண்ண இத விட என்ன வேணும்! ஆனா போர்டுல இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் (மின்சாரத்த சேத்து வெக்கற, உள்ள திரவம் இருக்கற சின்ன அலுமினிய டப்பா) வயசாகி கசிய ஆரம்பிச்சா ஒரு பக்கம் சவுண்டு உள்ள போயிடும், கரகரன்னு இரைச்சல் வரும், என்னோடதுல மோட்டாரும் கன்னாபின்னான்னு ஓடிச்சு.

இந்த மாடலுக்குன்னே மொத்த கெப்பாசிட்டரையும் செட்டா விக்கற ஒரு கிட் ஆன்லைன்ல வாங்கினேன். ஒவ்வொரு வேல்யூவும் தனித்தனி கவர்ல, மேல போர்டுல அந்தந்த கெப்பாசிட்டருக்கு பக்கத்துல போட்டிருக்கற சி நம்பரோட வந்துச்சு, அது ரொம்பவே உதவி. எனக்கு பிடிக்காதது அந்த குறிப்புத்தாள்தான். சின்ன வேல்யூக்கெல்லாம் டான்டலம்ங்கற வேற வகை கெப்பாசிட்டர் குடுத்திருக்காங்க, அதுல கோடு போட்ட பக்கம் பிளஸ், பழைய அலுமினிய டப்பால கருப்பு அடிச்ச பக்கம் மைனஸ், இத பத்தி ஒரு வரி கூட இல்ல. பழச பாத்து கோட்டுக்கு கோடு வெச்சு ஒட்டினா டான்டலம் ஷார்ட் ஆகி எரிஞ்சே போகலாம், இத எப்படி சொல்லாம விட்டாங்கன்னு கோவமே வந்துச்சு.

பார்ட்ஸ் மாத்தறது பாதி வேலைதான், க்ளீனிங்தான் போர்ட காப்பாத்தும். சால்டரிங் அயர்ன் வெச்சதும் மீன் வாடை அடிச்சா அங்க கசிஞ்சிருக்கு. அந்த இடத்துல ஈயம் பளபளப்பு போயி சாம்பலா இருக்கும், லேசுல உருகாது, உருகலையேன்னு அழுத்தி இழுத்தா பேடு (பார்ட்ஸ் ஒட்டியிருக்கற காப்பர் திட்டு) கையோட வந்துடும். ஈயம் நல்லா உருகி ஓட உதவற ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, ரெண்டு அயர்ன் வெச்சு ரெண்டு காலையும் ஒரே நேரத்துல சூடு பண்ணுங்க, தானா நகர்ந்து வரும். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தி ப்ரஷ்ல நல்லா தேய்ச்சு கழுவிட்டு, மல்டிமீட்டர்ல ஒவ்வொரு டிராக்கா (போர்டுல ஓடற காப்பர் கோடு) பீப் வருதான்னு பாருங்க, ஏன்னா கெப்பாசிட்டருக்கு அடியில காப்பர் அரிச்சிருந்தா கண்ணுக்கே தெரியாது. எனக்கு ஒரு இடத்துல மெல்லிசு ஒயர் இழுக்க வேண்டியதாச்சு.

இப்ப ரெண்டு சேனலும் சமமா வருது, ஸ்பீடும் அசையாம நிக்குது. சால்டரிங் கை பழகினவங்க தைரியமா வாங்கலாம். புதுசா கத்துக்கறவங்க வேற ஏதாவது உபயோகமில்லாத போர்டுல கை பழகிட்டு இதுல கை வைங்க. டேப்ப ஓட்டற மெக்கானிசத்துல இருக்கற சென்டர் கியர் இந்த கிட்டுல வராது, திறந்ததும் அதுல விரிசல் இருக்கான்னு பாத்துட்டு, தேவைன்னா தனியா ஆர்டர் போட்டுடுங்க.