மூளை லிம்போமாவோடு சீனியும் பிறஷரும் இருந்தால்: எந்த வழி யாருக்கு?

மூளையில் மட்டும் வரும் லிம்போமா (நிணநீர்க் கலங்களில் தொடங்கும் புற்றுநோய்) அரிது. அறுபது தாண்டி, கையில் ஏற்கெனவே சீனி, பிறஷர் கிளினிக் கொப்பி உள்ள பலருக்குத்தான் அது வருகிறது. அவர்களுக்கு எந்த மருந்து என்பதைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் தீர்மானிக்கிறது.

முதலிடம் அதிக அளவில் ஏற்றும் மெதோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்துக்கு. உடற்பரப்பில் சதுர மீற்றருக்கு 3 கிராம் அல்லது அதற்கு மேல் ஏற்றினால்தான் மூளைக்குள் போதிய மருந்து போகும். வழக்கமாக இரண்டு கிழமைக்கு ஒருமுறை வார்ட்டில் தங்கி ஏற்றுவார்கள். சேலைனும் சோடியம் பைகாபனேற்றும் கொடுத்துச் சிறுநீரின் பிஎச் 7க்கு மேல் வந்த பிறகே மருந்து தொடங்கும். 24 மணி நேரத்தில் அதன் நச்சைத் தணிக்கும் லியூக்கோவோரின் ஆரம்பித்து, இரத்தத்தில் மெதோட்ரெக்சேட்டின் அளவு லீற்றருக்கு 0.1 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கும்வரை தொடர வேண்டும். அந்த அளவை உரிய நேரத்தில் பார்த்துச் சொல்லும் ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் இதை ஏற்றவே கூடாது. மட்டக்களப்போ, கல்முனையோ, மஹரகமவோ, முதலில் இதைக் கேளுங்கள்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 'நார்மல்' என்ற றிப்போட்டை மட்டும் நம்ப வேண்டாம். 70 வயது, 45 கிலோ அம்மாவுக்கு 1.2 மில்லிகிராம் என்றால், கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 மில்லிலீற்றர்தான். 50க்குக் கீழே, சிறுநீரகம் வழியே வெளியேறும் மெதோட்ரெக்சேட் ஆபத்து. மூட்டுவலிக்கு ஃபாமசியில் வாங்கும் டைக்குளோபெனாக், வயிற்றெரிவுக்கான ஒமிப்ரசோல், கோட்ரிமொக்சசோல் என்ற அன்ரிபயோட்டிக் ஆகியவை மெதோட்ரெக்சேட் வெளியேறுவதைத் தடுக்கும். வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கட்டியிருந்தால் மருந்து அங்கே தேங்கிவிடும்; முதலில் அதை எடுக்க வேண்டும்.

முழு மூளைக் கதிர்வீச்சுக்குச் சிறுநீரகம் தடையில்லை. 36 முதல் 45 கிரே (கதிர்வீச்சின் அலகு) வரை நாலைந்து கிழமைகளில் முடிந்துவிடும், கட்டியும் விரைவில் சுருங்கும். ஆனால் அறுபது தாண்டியவருக்குப் பின்னர் மறதி, நடைத் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை வரலாம். அவை திரும்பிச் சரியாவது அரிது. வசதி என்பதற்காக இதை முதலில் எடுக்க நாங்கள் சொல்லமாட்டோம்.

சிறுநீரகம் இடங்கொடுக்காதவருக்கு டெமோசோலமைட் என்ற புற்றுநோய்க் குளிசை, பெரும்பாலும் லிம்போமாக் கலங்களைத் தாக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியோடு. மெதோட்ரெக்சேட்டைவிட வலு குறைவு. ரிட்டுக்ஸிமாப்புக்கு முன் ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம்.

எந்த வழியானாலும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து இடையில் வரும். பயொப்சிக்கு (கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதற்கு) முன் அவசரத் தேவையில்லாமல் கொடுத்தால் கட்டி கரைந்து, எடுத்த துண்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இதைக் காலையில் எடுப்பவருக்குச் சீனி பின்னேரத்தில்தான் ஏறும். வெறும் வயிற்றுப் பரிசோதனை அதைக் காட்டாது. பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இராச்சாப்பாட்டுக்கு முன்னும் குத்திப் பாருங்கள்.