ஒரே கோப்பு, கணினிக்கு ஒரு பாதை: சி நிரலில் எந்த வழி?

ஆத்தங்குடி டைல்ஸ் டிசைன்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் காரைக்குடி அலுவலகம் ஒன்றில், ஆர்டர் சீட்டு அடிக்கும் சி நிரல் என் பொறுப்பு. கோப்புகள் லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. அங்கே ‘/தரவு/டைல்ஸ்/கோட்டையூர்/பூ12.டிஃப்’ என்பது, சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாக விண்டோஸ் கணினிக்கு வந்ததும் ‘இசட்:\கோட்டையூர்\பூ12.டிஃப்’ ஆகிவிடும். இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்த செட்டிநாட்டு வீடு மாதிரி, வீடு ஒன்று, விலாசம் இரண்டு. ஒரு கணினி பதிந்து வைத்த பாதையை இன்னொன்று அப்படியே திறக்கப் பார்த்தால் ‘கோப்பு இல்லை’ என்றுதான் பதில் வரும்.

முதல் வழி, எல்லாக் கணினியிலும் பாதையை ஒரே மாதிரி ஆக்குவது. எல்லாமே லினக்ஸ் என்றால் ஒரே இடத்தில் மவுண்ட் செய்தால், அதாவது சர்வர் ஃபோல்டரை ஒரே பாதையில் இணைத்தால் போதும். எல்லாமே விண்டோஸ் என்றால் ‘\\சர்வர்\டைல்ஸ்’ என்று முழுசாக எழுதலாம். டிரைவ் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது லாகின் செய்தவருக்கு மட்டும் உரியது, பின்னணியில் ஓடும் சர்வீஸ் கண்ணில் படாது. நிரலின் மூல வரிகள் (சோர்ஸ் கோட்) கையில் இல்லாதவர்களுக்கும் மவுண்ட்தான் வழி. இரண்டும் கலந்த அலுவலகத்தில் இது சிரமம்.

நான் எடுத்தது இரண்டாவது வழி: பாதையில் எந்தக் கணினியின் சாயலும் இல்லாமல் ‘டைல்ஸ்:கோட்டையூர்/பூ12.டிஃப்’ என்று பதிவது. ‘டைல்ஸ்’ எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணினியின் கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பும் ஒரே வரியில் சொல்லும். கோலனில் பிரித்து, முன்பகுதிக்குப் பதில் அந்த இடத்தை ஒட்டித் திறக்க ஒரு சின்ன ஃபங்ஷன் போதும். ஒரு கணினியின் முழுப்பாதையை இன்னொன்றின் முழுப்பாதையாக நேரே மாற்றலாமே என்பார்கள். ஐந்து கணினியும் ஐந்து விதம் என்றால் அதற்கு 20 விதிகள் வேண்டும். இதில் 5 வரிதான். தவிர, முன்பகுதியை மட்டும் ஒப்பிட்டால் ‘/தரவு/டைல்ஸ்’ விதி ‘/தரவு/டைல்ஸ்பழையது’ ஃபோல்டரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்; அடுத்த எழுத்து ஸ்லாஷா, பாதையின் முடிவா என்று பார்த்தே ஆக வேண்டும்.

என்னை இந்த வழியின் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. சர்வரில் டிஸ்க் மாறினால் பழைய பதிவு ஒன்றையும் தொட வேண்டாம், கான்ஃபிக்கில் அந்த வரியைத் திருத்தினால் சரி. தமிழ்ப் பெயர்களின் தொல்லையும் அந்த ஒரே ஃபங்ஷனுக்குள் அடங்கிவிடும். ‘கோட்டையூர்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் 30 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம், அதனால் பெயரை வைக்கும் பஃபர் (நினைவக இடம்) அளவை எழுத்து எண்ணிப் போடக் கூடாது. விண்டோஸில் பெயரை அதன் உள்முறையான யூடிஎஃப்-16க்கு மாற்றி, அந்த ‘அகல எழுத்து’களை ஏற்கும் ஃபங்ஷனில் திறப்பதே பத்திரம். இன்னொரு வில்லங்கம்: ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. லினக்ஸுக்கு அவை வேறு வேறு கோப்பு. பதியும்போதே ஒற்றைக் குறியீட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஸ்லாஷைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். முன்சாய்வையே (/) பதியுங்கள், விண்டோஸும் பெரும்பாலும் ஏற்கும். மேக் கணினியை இந்த ஏற்பாட்டில் நான் சேர்த்ததில்லை, அதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம். கோலனுக்குப் பிறகு ‘..’ (ஒரு ஃபோல்டர் மேலே போ என்ற குறி) வந்தால் மட்டும் அந்தப் பாதையைத் திறக்கவே விடாதீர்கள். டைல்ஸ் ஃபோல்டரைத் தாண்டி வெளியே போக அது ஒன்று போதும்.