இறந்த பிறகு போட்ட கையெழுத்தா? முதல் பதிப்பு சேகரிப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் கையெழுத்திட்ட முதல் பதிப்பு என்று சொல்லி ‘திஸ் இஸ் வாட்டர்’ புத்தகத்தை யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். அப்படி ஒரு பிரதி இருக்கவே முடியாது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கென்யன் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் 2005 மே மாதம் அவர் ஆற்றிய உரை அது. 2008 செப்டம்பரில் இறந்துவிட்டார். உரை தனிப் புத்தகமாக வந்தது 2009-ல்தான். வெளிவராத புத்தகத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்?

எனக்கு விற்றவர் இணையத்தில் அரிய புத்தகங்கள் விற்பவர். விளம்பரத்தில் புத்தகத்தின் பெயரே இல்லை. “கென்யன் உரை அடங்கிய முதல் பதிப்பு, ஆசிரியர் கையெழுத்துடன்” என்ற ஒரு வரியும், கையெழுத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படமும்தான். எந்தப் புத்தகம் என்று கேட்டேன். டேவ் எக்கர்ஸ் தொகுத்த ‘தி பெஸ்ட் அமெரிக்கன் நான்ரிக்வயர்ட் ரீடிங் 2006’ என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார். அந்தத் தொகுப்பில் இந்த உரை இருக்கிறது. அது வந்தபோது வாலஸ் உயிரோடும் இருந்தார். முழுப் பணத்தையும் கட்டினேன்.

வந்து சேர்ந்தது 2009 புத்தகம்.

முதல் பதிப்பு என்பது பொய்யில்லை. எத்தனையாவது அச்சு என்று காட்டப் பதிப்புரிமைப் பக்கத்தில் போடும் எண் வரிசையில், முதல் அச்சுக்கு அடையாளமான 1 இருக்கிறது. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மற்றதை விற்கிறார்கள். கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பேனா மைதான், அச்சு இல்லை. ஆனால் கோடு முழுக்க ஒரே தடிமன். எழுத்து வளையும் இடங்களில் மை தேங்கி நிற்கிறது. வேகமாகப் போட்ட கையெழுத்தில் தொடக்கமும் முடிவும் மெலிந்து இழுபடும். இது பார்த்து வரைந்தது.

கேட்டால், “உண்மைச் சான்றிதழ் வைத்திருக்கிறோமே” என்றார். அந்தச் சான்றிதழை அச்சடித்ததும் அவரே. அடுத்து, தனித்தாளில் முன்பே வாங்கிய கையெழுத்தைப் பிறகு புத்தகத்தில் ஒட்டியது என்றார். தனித்தாளை ஒட்டும் வழக்கம் பதிப்புத்துறையில் உண்டுதான். ஆனால் இது ஒட்டிய தாளே இல்லை, புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிய தலைப்புப் பக்கம்! அதைப் படமெடுத்து அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

பணத்தைத் திரும்பப் பெற கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அது மறுபடி விற்பனைக்கு வரும். அடையாளம் சொல்லிவிடுகிறேன்: தலைப்புக்குக் கீழே சாய்வாக நீல மைக் கையெழுத்து, பக்கத்தின் வலது கீழ் மூலையில் மடிப்புத் தழும்பு, தங்க நிற முத்திரை ஒட்டிய சான்றிதழ்.